சைரன் பாடினால் கம்பத்தைப் பாருங்கள்

“உனக்கு இங்கிலீஷே நேத்துதான் வந்தது. அதுக்குள்ள அந்த வார்த்தைங்க பொறந்த கதைய மத்தவங்களுக்குச் சொல்லித் தரப் போறியாம்மா?”

நம் குளிர்கிடங்கின் மேலாளர் என்னிடம் இப்படிக் கேட்டு ஒன்பது வருடம் ஆகிறது. கோபமாக இல்லை, கேலியாகத்தான் கேட்டார். அவர் மேசையில் நான் எழுதிக் கொடுத்த நான்கு பக்கப் பயிற்சித் திட்டம் கிடந்தது. இறால் உரிக்கும் கூடத்துப் பெண்களுக்கான பாதுகாப்புப் பாடம். பேனிக், எக்கோ, ஹைஜீன், சைரன் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிரேக்கக் கதை.

“ஆமா சார், நேத்துதான் வந்தது,” என்றேன். “அதனாலதான் ஒவ்வொரு வார்த்தையும் எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளைன்னு விசாரிச்சு வச்சிக்கிறேன்.”

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடக்கட்டும், எப்படியும் தானே நின்றுவிடும் என்கிற கையெழுத்து.

திங்கட்கிழமை முதல் பாதுகாப்புப் பிரிவில் என் நாற்காலியிலும் பக்கத்து நாற்காலிகளிலும் உட்காரப்போகிற உங்கள் நான்கு பேருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். ஓய்வு பெறுகிறவர்கள் எழுதுவதை நீ எதற்கு எழுதுகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். வேலையை ஒப்படைக்கிறவர் யாராக இருந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும். எந்த வால்வை எந்தப் பக்கம் திருகுவது, எந்த அளவில் அலாரம் அடிக்கும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதில் இல்லாதது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா ராயபுரத்தில் மூட்டை இறக்கினார். அம்மா காத்திவாக்கத்தில் இறால் உரித்தார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோவில் சேர்ந்தபோது இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்கு ஆள் தெரியாத கூட்டம் மாதிரி இருந்தன. வண்ணாரப்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த ஒரு பாய், எடைக்கு வந்த தடித்த அகராதி ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தார். கடைசி எழுத்துகளின் பக்கங்கள் கிழிந்துபோன அகராதி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அது எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பரீட்சைக்காக நான் நெட்டுருப்போட்ட சொற்களுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஆட்டுக்கால் உள்ள ஒருவன், குரல் மட்டும் மிஞ்சிய ஒருத்தி, கிண்ணம் ஏந்திய ஒரு மகள். அவர்களைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மொழி எனக்குப் பயமாக இல்லை. பெயர் தெரிந்த தெருவில் நடப்பது போல ஆகிவிட்டது.

முதல் வகுப்பில் பேனிக்கைச் சொன்னேன். பேன் என்று ஒரு சாமி. இடுப்புக்குக் கீழே ஆடு, தலையில் கொம்பு. உச்சி வெயிலில் தூங்கும். யாராவது எழுப்பிவிட்டால் ஒரு சத்தம் போடும். ஆட்டு மந்தை முழுக்க, ஏன் என்றே தெரியாமல் சிதறி ஓடும். அந்த ஓட்டத்துக்குத்தான் பேனிக் என்று பெயர்.

“அட, நம்ம முனி!” என்றாள் முதல் வரிசையில் இருந்த தேவகி. கூடத்திலேயே சுத்தமாக இறால் உரிப்பவள் அவள். “உச்சி வெயில்ல மரத்தாண்ட போனா அடிக்குமே, அதுதானே?”

“நம்ம முனி படையல் போட்டா அடங்கிடும்,” என்றாள் பக்கத்தில் இருந்த மும்தாஜ். தண்டையார்பேட்டையிலிருந்து வருபவள். “இந்த ஆட்டுக்கால் நைனாவுக்கு இன்னா படைக்கணும் மேடம்?”

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “ஏன் ஓடறோம், எங்க ஓடறோம்னு தெரிஞ்சி ஓடினா இது கிட்டவே வராது.”

இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்களும் அதையே சொல்லலாம்.

எக்கோவைப் பற்றி நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு பாடத்தில், “கேஸ் வாசனை வந்தா ஒடனே சொல்லணும். சொல்லணுமா?” என்று கேட்டேன். நாற்பது பேரும் ஒரே குரலில் “சொல்லணும்!” என்றார்கள். கூடமே அதிர்ந்தது. பூரித்துப்போனேன். அடுத்த வாரம் அமோனியா ஓடும் குளிர்சாதனக் குழாயில் சின்னக் கசிவு. அரை மணி நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு உரித்திருக்கிறார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை.

“ஏன் சொல்லல?” என்று கத்தினேன்.

“யாராண்ட சொல்லணும்னு நீ சொல்லவே இல்லியே,” என்றாள் மும்தாஜ். அவள் சொன்னது நியாயம்.

எக்கோ என்பவள் நன்றாகப் பேசத் தெரிந்த பெண். மேலே இருந்த ஒரு தெய்வம் கோபத்தில் சாபம் போட்டது. அதன் பிறகு அவளால் மற்றவர்கள் பேசியதன் கடைசிச் சொல்லை மட்டுமே திருப்பிச் சொல்ல முடிந்தது. அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவள் மேல் கோபம் வந்ததில்லை. சாபம் போட்டவர் மேல்தான் வரும். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தால், எதிரில் இருப்பவரை எக்கோ ஆக்குகிறவர் நீங்கள்தான். “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “இப்ப வாசனை வந்தா நீ முதல்ல யாரப் பாப்ப?” என்று கேளுங்கள்.

ஹைஜீன் கதைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்தது. வைத்தியக் கடவுளின் மகள் ஹைஜியா. அப்பா வந்த நோயைத் தீர்ப்பவர். மகள் நோயை வரவே விடாதவள்.

கூடத்துத் தரையைக் கழுவும் அக்கா ஒருவர் அன்று கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வருபவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பெயர் போடக்கூடாது என்று இப்போதும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “அப்பன் செய்ற வேல எல்லாருக்கும் தெரியும். பொண்ணு செய்றது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது,” என்றார். “என் வேலயும் அதான் மேடம். நான் கழுவுனா யாரும் பாக்க மாட்டான். ஒரு நாள் கழுவாம வுட்டுப் பாரு, அப்போ பாப்பான்.”

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் சுத்தம் ஒரு வைராக்கியமாகிவிட்டது. உரித்த இறாலை ஐஸ் போடாமல் விட்டு நகரக்கூடாது. கீழே விழுந்ததை எடுத்துத் தட்டில் போடக்கூடாது. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் விரல் விரலாகக் கை கழுவ வேண்டும், ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும். லாரியில் பெட்டி ஏற்றும் தெற்கு வாசலுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு. உரிக்கும் பெண்கள் அதைத் தாண்டவே கூடாது. ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், இவ்வளவு ஒழுங்கான கூடத்தைப் பார்த்ததில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியவள் நான்தான்.

என் பெரிய தவறு அந்தப் பெருமையில்தான் ஒளிந்திருந்தது.

அடுத்த மாதம் எங்கள் முதல் ஆபத்துக் கால ஒத்திகை. ஒரு புதன்கிழமை காலையில் சைரனை அழுத்தினேன். பெண்கள் எழுந்தார்கள். இறாலுக்கு ஐஸ் போட்டார்கள். வரிசையில் நின்று கை கழுவினார்கள், பூட்ஸை முக்கினார்கள், ஏப்ரனைக் கழற்றி மாட்டினார்கள். பேசிக்கொண்டே கிழக்கே மெயின் கேட்டுக்கு நடந்து, கேட் கொட்டகை ஆணிகளில் தொங்கிய சாப்பாட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் ஷேர் ஆட்டோ ஏறித் தேரடி வரை போய்விட்டார்கள்.

நம் பக்கத்தில் அதைச் சைரன் என்று யார் சொல்கிறார்கள்? சங்குதான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவார்கள். சங்கு என்றால் ஷிப்ட் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஒழுங்கான வெளியேற்றம், தள்ளுமுள்ளு இல்லை, அனைவரும் கூடுமிடமான மெயின் கேட்டை அடைந்தனர்” என்று அறிக்கை எழுதினேன். மேலாளர் டிக் போட்டார். கேட்டில் எல்லாரும் நிற்பதைப் போட்டோகூட எடுத்தேன்.

மதியம் அக்கா துடைப்பத்தோடு என் அறைக்கு வந்தார்.

“ஒரு டவுட்டு மேடம்.”

“கேளுங்கக்கா.”

“நெஜமாலுமே கேஸு வந்துச்சின்னு வெச்சிக்கோ. இறாலுக்கு ஐஸ் போட்டுட்டு ஓடணுமா, போடாம ஓடணுமா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சிரிக்காத. கை கழுவுற எடத்துல எனக்கு முன்னால இருபது பேரு நின்னாளுங்க. நீ சொல்லிக் குடுத்தாப்பல வெரலு வெரலா தேச்சிகினு கீறாளுங்க. கேஸு இன்னா, கியூல வந்து நிக்குமா?”

மேசையில் இருந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

“அத்த வுடு. கம்ப்ரஸர் ரூம்பு மேக்கால கீது. கேட்டு கெழக்கால கீது. காலைல காத்து எந்தப் பக்கம் அடிச்சிது?”

நான் காத்திவாக்கத்துப் பெண். அதைக் கேட்க எனக்கு இன்னொருவர் தேவைப்பட்டிருக்கக் கூடாது. கச்சான் காற்று, மேற்கிலிருந்து. கம்ப்ரஸர் அறையில் அமோனியா உடைந்திருந்தால் அது நேராகக் கேட்டுக்குத்தான் போயிருக்கும். நாற்பத்திரண்டு பேரைக் கையைக் கழுவ வைத்து, அது வரும் வழியிலேயே கொண்டுபோய் நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கிறேன்.

அறிக்கையைக் கிழித்தேன். புதிதாக ஒன்று எழுதி, மேலே “ஒத்திகை தோல்வி” என்று போட்டு மேலாளரிடம் நீட்டினேன்.

“டிக் போட்டாச்சேம்மா. யாரும் கேக்கப் போறதில்ல.”

“நான் கேக்கறேன் சார்.”

உங்கள் பதவிக்காலத்தில் ஒரு முறையாவது உங்கள் கையாலேயே உங்கள் அறிக்கையைக் கிழிக்க வேண்டி வரும். கிழியுங்கள். நான் செய்த காரியங்களில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறவற்றில் அது ஒன்று.

அடுத்த வகுப்பில்தான் நான்காவது கதையைச் சொன்னேன். கடல் நடுவே பாறைத் தீவு. அதில் பாதி பறவையும் பாதி பெண்ணுமாக சைரன்கள். அவர்கள் பாடுவார்கள். கேட்ட மாலுமியின் கை தானாகச் சுக்கானை அந்தப் பக்கம் திருப்பும். பாறையில் மோதிக் கப்பல் உடையும்.

“இன்னா பாட்டு மேடம் அப்டி?” என்றாள் தேவகி.

“கேக்குறவனுக்கு எது வேணுமோ அந்தப் பாட்டு.”

“அப்போ நம்ம சங்கும் அதான்,” என்றார் கதவோரத்திலிருந்து அக்கா. “வா வான்னு கேட்டாண்ட இஸ்துக்கும். பை அங்க கீது, வூடு அந்தப் பக்கம் கீது. காலு தானா போவும்.”

பிற்காலத்தில் ஒரு விஞ்ஞானி தான் செய்த ஒலிக்கருவி தண்ணீருக்குள்ளும் ஒலித்ததால் அதற்கு சைரன் என்று பெயர் வைத்தாராம். ஆளை ஆபத்துக்கு இழுத்த குரலின் பெயர், ஆபத்தைச் சொல்லும் கருவிக்கு வந்தது அப்படித்தான். நம் கிடங்கில் அந்தக் கருவி பழைய தொழிலையே செய்துகொண்டிருந்தது.

ஒரு கப்பல் தலைவன் மட்டும் தப்பித்தான். ஆட்களின் காதில் மெழுகை அடைத்தான். தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொன்னான். நான் எவ்வளவு கெஞ்சினாலும் அவிழ்க்காதீர்கள் என்றான்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் பாய்மரம் ஐஸ் உடைக்கும் கொட்டகை மேல் நிற்கும் கம்பம். காற்றுத் திசை காட்டும் ஆரஞ்சுத் துணிக்குழாய் அதில்தான் பறக்கிறது. சட்டைக் கை மாதிரி இருப்பதால் பெண்கள் அதற்குக் காத்துச் சட்டை என்று பெயர் வைத்தார்கள். கூடத்துக்கு ஜன்னல் இல்லை. அதனால் உள்ளேயும் வெளியேயும் நடமாடும் அக்காதான் கம்பம் பார்ப்பவர். அவர் சொல்கிற பக்கம்தான் போக வேண்டும். கயிறு எது? ஏப்ரன் நாடா. முன்னால் போகிறவளின் நாடாவைப் பின்னால் வருகிறவள் பிடிக்க வேண்டும். என்ன கெஞ்சினாலும் விடக்கூடாது. லாரி வாசலை ஷிப்ட் நேரத்தில் உள்ளிருந்து திறக்கும்படி வைக்க மேலாளர் ஒத்துக்கொண்டார். கூடுமிடத்தை மாற்றுவதற்கு மட்டும் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். எழுதினார். பதில் வரவில்லை. கையேட்டில் மெயின் கேட்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள். காலை பதினோரு மணி இருக்கும். நான் கூடத்தில் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண் எரிந்தது. பிறகு மூக்கில் ஊசி குத்தியது போல வாசனை. மேற்குப் பக்கம் எதுவோ வெடித்த மாதிரி ஒரு சத்தம், உடனே சங்கு. இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் மேலாளரின் குரல்.

“கம்ப்ரஸர்ல கேஸ் லைன் போயிடுச்சு. எல்லாரையும் மெயின் கேட்டுக்கு அனுப்பு. ஹெட்கவுண்ட் அங்கதான்.”

அதே நேரம் கதவிலிருந்து அக்கா கத்தினார். “மேடம்! சட்ட கேட்டப் பாத்து கைய நீட்டிகினு கீது! அங்க போவாத!”

இரண்டு குரல். ஒன்று எழுத்தில் இருப்பது, எனக்கு மேலே இருப்பவருடையது. இன்னொன்று துடைப்பம் பிடித்தவருடையது. நான் சொல்வது தவறாகப் போனால் நாற்பத்திரண்டு வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். படித்த பெண் எங்களைக் கொன்றாள் என்பார்கள். அந்தச் சில விநாடிகளில் எனக்குப் பேனின் சத்தம் நன்றாகவே கேட்டது. கால்கள் எங்காவது ஓடத்தான் சொன்னன. ஏன், எங்கே என்று என்னையே கேட்டேன். பதில் கம்பத்தில் இருந்தது.

“சார், காத்து கேட்டுப் பக்கம் போவுது. நான் லாரி வாசல் வழியா தெக்கே கூட்டிட்டுப் போறேன்.”

“மேனுவல்ல அது இல்லம்மா!”

“இல்ல சார்,” என்று சொல்லி வாக்கி டாக்கியை இடுப்பில் மாட்டினேன்.

பெண்கள் நாடாவைப் பிடித்துச் சங்கிலியாக நின்றுவிட்டார்கள். முதலில் தேவகி. லாரி வாசலை நோக்கி வந்தவள், மஞ்சள் கோட்டின் முன்னால் சட்டென்று நின்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும் நின்றார்கள்.

“போ தேவகி!”

“ஏப்ரனோடவா? பூட்ஸு முக்கல. கை கழுவல,” என்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. “கோட்டத் தாண்டுனா வேலய வுட்டு அனுப்பிடுவேன்னு நீதானே மேடம் சொன்ன?”

ஒத்திகையில் லாரி வாசல் வரை வந்திருக்கிறோம். கோட்டைத் தாண்டியதில்லை. ஏற்றுமதிப் பெட்டி இருக்கும் இடம், அசுத்தம் ஆகக்கூடாது என்று நான்தான் அங்கேயே நிறுத்தியிருந்தேன். சொல்லி விளங்கவைக்க நேரம் இல்லை. மேசையில் கழுவி ஐஸ் போட்டு வைத்திருந்த ஒரு பெட்டி இறாலை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் கவிழ்த்தேன்.

அந்தக் கூடத்தில் ஒரு இறால் விழுந்தாலே நாற்பது தலை திரும்பும். ஒரு பெட்டி விழுந்தது. ஐஸும் இறாலும் மஞ்சள் கோட்டின் மேல் சிதறின. நான் அதன் மேல் பூட்ஸ் காலோடு நடந்து கோட்டைத் தாண்டித் திரும்பி நின்றேன். இன்று வேறு சட்டம் என்று அதற்கு மேல் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேவகி இறாலை மிதித்துக்கொண்டு வந்தாள். சங்கிலி முழுவதும் வந்தது.

நடுவில் மும்தாஜ் திமிறினாள். “வுடுடி! பையில போன் கீது! என் பொண்ணு இஸ்கூல்லேந்து போன் பண்ணுவா!”

அவள் நாடாவைப் பிடித்திருந்தவள் இருமிக்கொண்டே அதைக் கையில் இன்னொரு சுற்று சுற்றினாள். “அடிக்கட்டும்டி. அப்பால எடுத்துப் பேச நீ இருக்கணும்ல?”

தெற்கே கழிமுகத்தை ஒட்டி வலை காயப்போடும் மைதானம். அங்கே போய்த்தான் நின்றோம். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் புகை தரையோடு தரையாகக் கிழக்கே ஊர்ந்துபோய்க்கொண்டிருந்தது. கேட் கொட்டகையும் ஆணிகளும் பைகளும் அதற்குள் மறைந்துவிட்டன. பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

எண்ணினேன். நாற்பத்திரண்டும் இருந்தது. அக்கா இல்லை.

மறுபடி எண்ணினேன். திரும்பி ஓட ஒரு அடி வைத்தபோது கிடங்கின் மூலையிலிருந்து அவர் வந்தார், ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, துடைப்பத்தைக் கைவிடாமல்.

“எங்க போனீங்க?”

“கூடத்துக் கதவ சாத்திட்டு வந்தேன். தெறந்து கெடந்தா பேக்கிங் பக்கம்லாம் போவும்ல?” என்றார். “அங்க பசங்க கீறானுங்க.”

அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வடக்குப் பக்கத்தில் இருந்த பேக்கிங் ஆட்கள் அதனால்தான் தப்பித்து வேறு வழியாக வந்தார்கள்.

பெருமையாகவே இதையெல்லாம் எழுதுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் பெருமைக்கு இடமில்லை. கேட்டில் இருந்த இரண்டு காவலாளிகளை நான் மறந்துவிட்டேன். சுத்தமாக மறந்தேன். அவர்களைக் காப்பாற்றியவர் மேலாளர். என்னிடம் மேனுவல் பேசிய மனிதர், நான் பேச்சை முடித்த உடனேயே வேறு அலைவரிசையில், “கேட்ல யாரும் நிக்காதீங்க, ரோட்டோட வடக்கே ஓடுங்க!” என்று கத்தியிருக்கிறார். ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். உங்கள் பொறுப்பில் உள்ளவர்களின் பட்டியலை எழுதும்போது, கேட்டைத் திறந்துவிடுகிறவரின் பெயரை முதலில் எழுதுங்கள்.

மேலாளர் மைதானத்துக்கு வந்தபோது எங்கள் பூட்ஸில் இறால் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

“எத்தன பெட்டி கொட்டின?”

“ஒண்ணு சார்.”

“ரிப்போர்ட்ல போடு.” “அந்தக் கப்பல்காரன் கதை இருக்கே. அத ஹிந்தில எழுதித் தர ஆள் கெடைக்குமா? பேக்கிங்ல இருக்கிற ஒடிசாப் பசங்களுக்கு நாம சொல்லவே இல்ல.”

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஷிப்ட் சங்குக்கும் ஆபத்துச் சங்குக்கும் இப்போது வேறு வேறு ஒலி. கூடுமிடம் இரண்டு. எது என்பதைக் கம்பம் சொல்லும். பை மாட்டும் கொட்டகையைக் கேட்டிலிருந்து பிரித்துவிட்டோம். கையேட்டில் ஒரு கிரேக்கக் கதை மூன்று மொழியில் இருக்கிறது. இங்கிலீஷ் நேற்று வந்தவள் எழுதியது.

அன்று மைதானத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, எங்கள் கண்ணைக் கழுவக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“உங்களுக்கு நாடா பிடிக்கச் சொல்லித் தந்துகீறாங்க. சங்கு எங்களுக்கும்தான் கேட்டுச்சி. எங்க புள்ளைங்க எந்தப் பக்கம் ஓடணும்னு யாரு சொல்றது?”

அன்று காற்று அவள் பக்கம் அடிக்கவில்லை, அவ்வளவுதான். சுவர் நம் கிடங்குக்குத்தான். கேஸுக்குச் சுவர் கிடையாது. அவள் கேள்வியை நான் திருப்பிச் சொல்லிப் பார்த்தேனே தவிர, பதில் சொல்லவில்லை. அன்று எக்கோ நான்தான்.

இத்தனை வருடமாக என்னைத் துரத்திய அந்தக் கேள்வியால்தான் இந்த நாற்காலியை உங்களிடம் கொடுக்கிறேன். போன மாதம் வேறு வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். சுவருக்கு வெளியே, கழிமுகத்தை ஒட்டிய ஐந்து குப்பங்களுக்கு ஆபத்துக் காலப் பயிற்சி தரும் வேலை. ஏசி அறை இல்லை, நாற்காலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் குப்பத்துக்குப் போனேன்.

“இறாலு உரிக்கிறவ பொண்ணுதானே நீ?” என்றார் வலைக்காரர் ஒருவர். “கடலுக்குப் போறவனுக்கே காத்து பத்திப் பாடம் எடுக்க வந்துட்டியா?”

“காத்து உங்களுக்குத் தெரியும். சங்கு எனக்குத் தெரியும்,” என்றேன். “ரெண்டும் ஒரே கம்பத்துல கட்டணும்.”

அவர் எழுந்துபோய், கரையில் கிடந்த பழைய படகிலிருந்து பாய்மரத்தை உருவிக்கொண்டு வந்தார். என் பழைய ஆரஞ்சுப் பாதுகாப்புக் கோட்டின் கையை வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். வலை முடிச்சுப் போட்டு அவரே அதை உச்சியில் கட்டினார். நான்கு பேர் சேர்ந்து மரத்தை நிமிர்த்தினோம்.

கடலிலிருந்து கொண்டல் வீசியது. சட்டைக் கை ஒரு தடவை துவண்டு, பிறகு மேற்கே நீண்டது. கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டேன்:

“இப்ப சங்கு ஊதுனா, நீங்க முதல்ல எதப் பாப்பீங்க?”